கேப்டனுக்குப் பக்கத்து இருக்கை

கரீபியன் கடலில், கரியாக்கூ தீவிலிருந்து பக்கத்துப் பெரிய தீவான கிரனடாவுக்குப் போகும் அந்தச் சின்ன விமானத்தில் இருக்கை எண் என்று ஒன்று இருந்ததே இல்லை. எட்டு ஒன்பது பேர் ஏறினால் நிறைந்துவிடும். லாரிஸ்டன் திடலில் அப்போது இருந்ததெல்லாம் ஒரு தகரக் கொட்டகை, ஆளையும் பெட்டியையும் சேர்த்து எடை பார்க்கிற ஒரு தராசு, வாதாம் மரத்தடியில் ஒரு நீள பெஞ்சு, அவ்வளவுதான். ஹில்ஸ்பரோ ஊருக்குப் போகிற சாலை ஓடுபாதையின் குறுக்கே போகும். விமானம் வரும் நேரத்தில் சாலைக்குக் கயிறு கட்டி, மேய்கிற ஆடுகளை விரட்டிவிட்டால் தீவு தயார்.

எண்பதுகளின் கடைசியில் அங்கே கவுண்டரில் இருந்தவள் ஐயோனி குவாஷி. டிக்கெட் கிழிப்பதும் அவள்தான், எடை பார்ப்பதும் அவள்தான், "ஏறலாம்" என்று குரல் கொடுப்பதும் அவள்தான். ஆனால் யார் முதலில் ஏறுவது, யார் எங்கே உட்காருவது என்பதெல்லாம் அவள் கையில் இல்லை. அது பெஞ்சின் கையில் இருந்தது.

பெஞ்சில் முன்னால் வந்து உட்கார்ந்தவர் முன்னால் ஏறுவார். ஆஸ்பத்திரிக்குப் போகிறவரோ, கைக்குழந்தைக்காரியோ, சாவு வீட்டுக்குப் போகிறவரோ வந்துவிட்டால் யாரும் சொல்லாமலே எல்லோரும் ஒரு இடம் தள்ளி உட்கார்ந்து தலைமாட்டில் இடம் விடுவார்கள். அப்புறம் அந்த முன் இருக்கை. விமானத்தில் ஒரே ஒரு பைலட்தான். அவர் பக்கத்து இருக்கை பயணிக்கு. எதிரே அகலக் கண்ணாடி, அதற்குக் கீழே முள் ஆடுகிற வட்டங்கள், கண்ணாடிக்கு வெளியே கடலும் வானமும். அந்த இடம் முதல் முறை பறக்கிறவருக்கு என்பது வழக்கம். அப்படி யாரும் இல்லையென்றால் யாருக்குப் பிறந்தநாள், யார் ரொம்ப நாள் கழித்து ஊர் வந்துவிட்டுத் திரும்புகிறார் என்று பேசிப் பேசி ஒருவரை அனுப்புவார்கள். சில நாள் அந்தப் பேச்சு முடிவதற்குள் கேப்டன் ஓர்மண்ட் இறங்கி வந்து, "தீர்ப்பு ஆச்சா இல்லையா?" என்று கேட்பார்.

பெஞ்சுக்குத் தலைமை டான்ட்டி செலமினா. டான்ட்டி என்றால் அத்தை. யாருக்கு அத்தை என்று கேட்டால் தீவுக்கே என்றுதான் சொல்ல வேண்டும். காயவைத்த சங்குச் சதையை மூட்டை கட்டிக்கொண்டு வாரம் தவறாமல் கிரனடா சந்தைக்குப் போகிறவள். தராசில் ஏறும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வாள்.

"எடையை மனசுக்குள்ள படி பொண்ணு, மரத்துக்கெல்லாம் கேக்கறா மாதிரி படிக்காதே."

"மூட்டையோட சேத்துத்தான் டான்ட்டி படிக்கறேன்."

"அப்போ மூட்டை எடையை மட்டும் சத்தமாப் படி."

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் விமானக் கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து அந்த அட்டை வந்தது. அடிக்கடி பறப்பவர்களுக்கு நீல நிறத்தில் ஓர் அட்டை. அதை வைத்திருப்பவரை முதலில் ஏற்ற வேண்டும், அவர் விரும்பிய இடத்தில் உட்காரலாம். டான்ட்டிக்கும் ஒன்று கொடுக்க ஐயோனி முயன்றாள். அவள் வாங்கவில்லை.

"எனக்கு எதுக்குடி அது? இந்த பெஞ்சுல உக்காந்து நாலு வார்த்தை பேசறதுக்குத்தானே நான் அவ்வளவு சீக்கிரம் வரேன்?"

வாங்கிக்கொண்டவர் ஒருவர்தான். டாக்டர் எல்லிசன் டி கோட்டோ, பல் மருத்துவர். புதன்கிழமை காலை கிரனடாவிலிருந்து வந்து, பெல்ஏர் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் பல் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை பிற்பகல் திரும்புகிறவர். நல்ல உயரம், ஒல்லி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. முப்பது முப்பத்திரண்டு வயதுதான் இருக்கும். வருவார், பொதுவாக ஒரு வணக்கம் சொல்வார், பெஞ்சில் உட்காராமல் கொட்டகைத் தூணில் சாய்ந்து நிற்பார்.

விதிப்படி ஐயோனி கூப்பிட வேண்டும். "அட்டை வைத்திருப்பவர்கள் முதலில் வரலாம்!"

பெஞ்சு முழுக்கத் திரும்பி ஒரே ஓர் ஆளைப் பார்க்கும்.

"'வைத்திருப்பவர்கள்'னு சொல்றா பாரு. எத்தனை பேர் போறாங்கன்னு எண்ணிச் சொல்லுங்கப்பா, எனக்குக் கண்ணு தெரியலே," என்பாள் டான்ட்டி.

அவர் எதையும் காதில் வாங்காமல் போய் முன் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வார். வாரா வாரம் அதே இடம். முதல் முறை பறக்கிறவர்கள் பின்னால் போய் உட்கார்ந்து, முன்னால் இருப்பவர் தோளை எட்டிப் பார்க்க முயன்று, கடைசியில் பக்கவாட்டுச் சன்னலில் தெரிகிற இறக்கையை மட்டும் பார்த்துக்கொண்டு போனார்கள். டான்ட்டி அவருக்குப் பின்னால் போட்ட வாக்கியம் ஒரே வாரத்தில் தீவெல்லாம் பரவிவிட்டது. "பல்லைப் புடுங்கறவரு இப்போ எடத்தையும் புடுங்கறாரு."

அந்த ஏப்ரல் மாதத்து வெள்ளிக்கிழமையை ஐயோனியால் மறக்க முடிந்ததில்லை. விண்ட்வர்ட் கிராமத்து கத்பர்ட் மெக்லாரன் அன்று பிற்பகல் விமானத்துக்குக் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். பழுப்பு நிற சூட், தொப்பி, கழுத்தை இறுக்குகிற டை. பாய்மரக் கப்பலில் டிரினிடாட், அருபா என்று சுற்றிய மனிதர். எழுபதை நெருங்கியும் விமானத்தில் கால் வைத்ததில்லை. மறுநாள் கிரனடாவில் மகளுக்குக் கல்யாணம். அப்பா உப்புத் தண்ணீரில் நனைந்துகொண்டு வரக்கூடாது என்று மகளே டிக்கெட் அனுப்பியிருந்தாள்.

"கத்பர்ட், அந்த சூட்டை எந்தப் பெட்டிலேர்ந்து எடுத்தே? பாச்சை உருண்டை வாசனை தூக்குது," என்றாள் டான்ட்டி.

"உன் மூட்டை வாசனைக்கு இது எவ்வளவோ தேவலை."

"பயமா இருக்கா?"

"எனக்கா? புயல்ல பாய்மரம் ஒடிஞ்சு மூணு நாள் மிதந்தவன் நான். இது என்ன, தகர டப்பா." சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா ஒண்ணு செலமினா. இத்தனை வருஷம் ஓடின கடலை மேலேர்ந்து ஒரு தடவை பாக்கணும். அது எப்படி இருக்கும்னு ராத்திரியெல்லாம் யோசிச்சேன்."

"பாப்பே. இன்னிக்கு முன் சீட்டு உனக்குத்தான். நான் பாத்துக்கறேன்."

விமானம் வந்தது. ஐயோனி தொண்டையைச் சரிசெய்துகொண்டு கூப்பிட்டாள். டாக்டர் தூணை விட்டு நகர்ந்தார். டான்ட்டி எழுந்து அவர் முன்னால் நின்றாள். அன்று அவள் கிண்டல் பண்ணவில்லை. மரியாதையாகத்தான் கேட்டாள்.

"டாக்டரே, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் விட்டுக் குடுங்க. இவருக்கு இதுதான் முதல் தடவை. நாளைக்கு மகளைக் கையப் புடிச்சு சர்ச்சுக்குள்ள கூட்டிட்டுப் போகப்போறாரு."

டாக்டர் கத்பர்ட்டைப் பார்த்தார். சூட்டைப் பார்த்தார்.

"மன்னிக்கணும். முடியாது."

"ஒரே ஒரு நாள்..."

"புரியுதும்மா. ஆனா முடியாது."

அவளைச் சுற்றிக்கொண்டு விறுவிறுவென்று நடந்து போய் முன் இருக்கையில் ஏறிவிட்டார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் காத்திருந்த பஸ் டிரைவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. கத்பர்ட் மெல்ல விமானம் வரைக்கும் போனார். பின் வரிசையில், மூட்டைகளுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. அதைக் குனிந்து பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு திரும்பிவிட்டார்.

"வாழ்நாள் முழுக்க சுக்கான் புடிச்சவன் நான். மூட்டையோட மூட்டையா வரமாட்டேன். நீங்க போங்க."

ஐயோனி பின்னாலேயே ஓடினாள். "அங்கிள், இருங்க, நான் கேப்டன் கிட்ட பேசறேன்..."

"நீ என்ன பண்ணுவே கண்ணு. உன் வேலை அது. எனக்குக் கடல் இருக்கு."

மறுநாள் விடியற்காலை தபால் படகில் போனார். காற்று எதிர்த்து அடித்ததில், சர்ச்சில் முதல் பாட்டு ஆரம்பித்த பிறகுதான் ஈரக் காலணியோடு ஓடிவந்து மகள் கையைப் பிடித்தாராம். சூட்டின் முழங்கால் வரைக்கும் உப்புக் கோடு இருந்ததாம். அந்த உப்புக் கோட்டைப் பற்றித் தீவு மாதக்கணக்கில் பேசியது.

ஐயோனிக்கு டாக்டர் மேல் வந்த கோபம் லேசில் ஆறவில்லை. அதற்குப் பிறகு அவரிடம் டிக்கெட்டைக் கையில் கொடுக்க மாட்டாள், கவுண்டர் மேல் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பாள். "அட்டைக்காரர் வரலாம்" என்று ஒருமையில் கூப்பிட ஆரம்பித்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு போவார். அவர் பதிலுக்கு ஒரு வார்த்தை கடுமையாகப் பேசியிருந்தாலாவது அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஜூன் மாதம் ஐயோனிக்குக் கடைவாய்ப் பல் வலி வந்தது. கிராம்பு எண்ணெய் வைத்துப் பார்த்தாள். அம்மா கொடுத்த ஜாக் அயர்ன் ரம்மை வாயில் அடக்கிப் பார்த்தாள். கன்னம் வீங்கிக் கண் வரைக்கும் ஏறியதும் வேறு வழி தெரியவில்லை. தீவுக்கு இருக்கிற ஒரே பல் டாக்டர் அந்த மனிதர்தான்.

நாற்காலியில் உட்கார்ந்தபோது கைப்பிடியை உடைத்துவிடுவதுபோல் பிடித்திருந்தாள். இரண்டு மாதமாகத் தான் முகம் திருப்பிக்கொண்டதற்கு இவர் இன்று கணக்குத் தீர்ப்பார் என்று நினைத்தாள். அவரோ விளக்கைக் கண்ணில் படாமல் திருப்பி வைத்தார். ஊசியைக் காட்டாமல் உள்ளங்கையில் மறைத்துக்கொண்டார்.

"என்ன பண்ணப் போறேன்னு ஒவ்வொண்ணும் முன்னாடியே சொல்லிடுவேன். பயமா இருந்தா இடது கையைத் தூக்குங்க. உடனே நிறுத்திடுவேன். அவசரமே இல்லை."

அந்தக் குரல் அவள் விமானத் திடலில் கேட்டறியாத குரல். ஊசி போட்டதே தெரியவில்லை. மரத்துப்போகட்டும் என்று காத்திருந்த நேரத்தில், அவர் கைகழுவும் தொட்டிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு பேசினார்.

"உங்களால இப்போ பேச முடியாது. அதனால சொல்றேன். எனக்கு விமானம்னா பயம்."

ஐயோனி கண்ணை அகல விரித்தாள்.

"சாதாரண பயம் இல்லை. பின்னால உக்காந்தா மூச்சு நின்னு போயிடும். முன்னால உக்காந்தா கேப்டனோட கை தெரியும். அந்தக் கை பதறாம இருக்கறதைப் பாத்துக்கிட்டே போய் எறங்கிடுவேன். கண்ணாடிக்கு வெளியில நான் பாத்ததே இல்லை. படகுல போய்ப் பாத்தேன், வாந்தி எடுத்து ரெண்டு நாள் படுத்துட்டேன். அந்தப் பெரியவர் அன்னிக்குத் திரும்பி நடந்தாரே, அது எனக்குக் கனவுல வருது."

"ஹொல்ல வேண்ணியதானே," என்று மரத்துப்போன நாக்கால் கேட்டாள் ஐயோனி.

அவர் திரும்பி முதல் முறையாகச் சிரித்தார். "பல் டாக்டருக்கே பயம்னு தெரிஞ்சா இந்த ஊர்ல யாரு வாயைத் திறப்பாங்க?"

பல் வலிக்காமல் கழன்று வந்தது. ஐயோனி பஞ்சைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வழியில் ஹில்ஸ்பரோ கடைத்தெருவில் டான்ட்டி மறித்து, "எடத்தைப் புடுங்கறவரு பல்லையும் புடுங்கிட்டாரா?" என்று கேட்டபோது, பஞ்சைச் சாக்காக வைத்துப் பதில் சொல்லாமல் வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகள் வேறு மாதிரி கனத்தன. பெஞ்சு சிரிக்கும்போது அவளால் சேர்ந்து சிரிக்க முடியவில்லை. அவர் சொன்னதை வெளியில் சொல்லவும் முடியவில்லை. அவர் விமானத்தை நோக்கி நடக்கும்போது, மடிப்புக் கலையாத அந்தச் சட்டையின் முதுகு வியர்வையில் ஒட்டியிருப்பதை இப்போதுதான் கவனித்தாள். இத்தனை நாளும் அது அவள் கண் முன்னால்தான் இருந்திருக்கிறது. டிக்கெட்டைக் கையில் கொடுக்க ஆரம்பித்தாள். சில சமயம் அவர் தூணில் சாய்ந்து நிற்கும்போது கவுண்டரில் இருந்தபடியே ஏதாவது பேச்சுக் கொடுப்பாள். மழை, ஆஸ்பத்திரி, லெஸ்டேரில் யார் வீட்டில் மாம்பழம் நன்றாக இருக்கும் என்று. பேசிக்கொண்டிருந்தால் அவர் முகம் கொஞ்சம் தெளிவதைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமைகளில் தலைமுடியைக் கொஞ்சம் பார்த்து வாரிக்கொள்கிறோம் என்பதும் அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது.

டிசம்பரில் கத்பர்ட்டின் மகள், கிறிஸ்துமஸுக்கு அப்பா வந்தே ஆக வேண்டும் என்றாள். படகில் வரக்கூடாது என்று மறுபடியும் டிக்கெட் அனுப்பினாள். கத்பர்ட் அதை ஐயோனியிடமே கொண்டுவந்து கொடுத்தார். "இதைத் திருப்பி அனுப்பிடு கண்ணு. அந்தப் பின்சீட்டுக் கதை எனக்கு வேண்டாம்."

"வெச்சுக்கோங்க அங்கிள். வெள்ளிக்கிழமை வாங்க. எனக்காக வாங்க."

வியாழன் மாலை ஆஸ்பத்திரிக்குப் போய், மறுநாள் விமானத்துக்குக் கத்பர்ட் வரப்போவதை டாக்டரிடம் சொன்னாள்.

"அப்போ நான் நாளைக்குப் படகுல போயிடறேன்."

"கிறிஸ்துமஸ் காத்து அடிக்குது. படகுல போனா உங்களை ஸ்ட்ரெச்சர்ல எறக்கணும்." ஐயோனி தயங்கிவிட்டுத் தொடர்ந்தாள். "முன் சீட்டுக்கு நேர் பின்னால உக்காருங்க. அங்கேர்ந்து குறுக்கே பாத்தா கேப்டன் கை தெரியும். நான் உக்காந்து பாத்திருக்கேன். நாளைக்கு ஒரு சீட்டு காலியாத்தான் இருக்கு. பக்கத்துல நான் வரேன்."

"நீங்க எதுக்கு வரணும்?"

"எனக்குக் கடைவீதியில வேலை இருக்கு," என்றாள். ஒரு வேலையும் இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. சுமை தூக்கும் ரோலியிடம் கவுண்டரை ஒப்படைத்தாள். பெஞ்சு முழுக்கப் பண்டிகை மூட்டைகள், கறுப்பு கேக் மணம், புட்டி புட்டியாகச் சிவப்பு சோரல் பானம். கத்பர்ட் அதே பழுப்பு சூட்டில், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு கடைசியில் உட்கார்ந்திருந்தார்.

"அட்டை வைத்திருப்பவர்கள் வரலாம்!" என்று ரோலி கூப்பிட்டான்.

டாக்டர் நடந்தார். முன் கதவைத் தாண்டினார். இரண்டாவது கதவைத் திறந்து அடுத்த வரிசையில் ஏறி உட்கார்ந்துகொண்டார். பெஞ்சு முழுக்க எழுந்து நின்று பார்த்தது.

"டாக்டருக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று டான்ட்டி உண்மையான கவலையோடு கேட்டாள்.

"அங்கிள், முன்னால போங்க," என்றாள் ஐயோனி.

கத்பர்ட் எழுந்து, சூட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சர்ச்சுக்குள் நுழைகிற மாதிரி நடந்து போய் ஏறினார். கேப்டன் ஓர்மண்ட் அவர் பெல்ட்டை மாட்டிவிட்டு, "கப்பலுக்கு நல்வரவு ஐயா" என்றார். டான்ட்டியும் மற்றவர்களும் பின்னால் ஏறினார்கள்.

தரையை விட்டுக் கிளம்பியதும் கத்பர்ட் குழந்தைபோல் ஆகிவிட்டார். "அதோ பாருங்க, என் வீட்டுக் கூரை! பவழப்பாறை எல்லாம் பச்சையாத் தெரியுதே! இதுலயா நான் இத்தனை வருஷம் தட்டுத் தடுமாறிப் போனேன்? ஐயோ, இவ்வளவு அழகா இது!" என்ஜின் சத்தத்தை மீறி அவர் கத்துவது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

டாக்டர் அவருக்கு நேர் பின்னால், கேப்டனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வியர்வை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஐயோனியும் அதே கையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ரோண்ட் தீவு தாண்டியதும் காற்று பிடித்தது. விமானம் சட்டென்று கீழே இறங்கி, எதன் மேலோ மோதியதுபோல் குலுங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பின்னால் டான்ட்டி பைபிள் சங்கீதத்தைச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தாள். முன்னால், புயலில் மிதந்த கத்பர்ட் மெக்லாரன் ஒரு கையால் கதவையும் மறு கையால் கேப்டனின் சட்டைக் கையையும் பற்றிக்கொண்டு அலறினார்.

"எறக்குங்க! என்னை எறக்குங்க! கீழே எங்கேயாவது எறக்குங்க!"

"ஐயா, கையை விடுங்க," என்றார் கேப்டன். அவர் விடவில்லை.

அப்போது டாக்டர் முன்னால் குனிந்தார். இரண்டு கையையும் பெரியவரின் தோளில் வைத்தார். ஐயோனி பல் நாற்காலியில் கேட்ட அதே குரல், கொஞ்சம்கூட நடுங்காமல் வந்தது.

"மிஸ்டர் மெக்லாரன், நான் பின்னாலதான் இருக்கேன். என்ன நடக்குதுன்னு ஒவ்வொண்ணா சொல்றேன், கேளுங்க. அந்த நடு வட்டத்துல ஒரு கோடு இருக்கு பாருங்க. அது சாஞ்சுது, இப்போ நேரா வருது. வந்திருச்சா?"

"வ... வந்திருச்சு."

"கேப்டனோட கையைப் பாருங்க. பதறுதா?"

"இல்லை."

"அந்தக் கையை விட்டுருங்க. என் கையைப் புடிச்சுக்கோங்க. இன்னும் ஒரு குலுக்கல் வரும். வந்துட்டுப் போயிடும். பயமா இருந்தா என் விரலை அழுத்துங்க. இப்போ வருது... வந்துச்சு... போயிடுச்சு. அவசரமே இல்லை."

ஒரு வருஷமாக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்த வட்டங்களை, ஒவ்வொன்றாகப் பெரியவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். இது உயரம், இது வேகம், இது திசை. கத்பர்ட்டின் மூச்சு மெல்ல மெல்ல அடங்கியது. கிரனடாவின் மலை எதிரே பச்சையாக எழுந்து வந்தபோது, டாக்டர் தலையை நிமிர்த்திக் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பதை ஐயோனி பார்த்தாள். அவர் பார்ப்பது அவருக்கே தெரியவில்லை.

இறங்கியதும் கத்பர்ட் தரையில் நின்று தொப்பியைக் கழற்றினார். எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "இந்த மனுஷன் இல்லேன்னா நான் கதவைத் தொறந்து குதிச்சிருப்பேன். ஏப்ரல்லேர்ந்து நான் இவரைத் திட்டினதெல்லாம் வாபஸ்."

"வாபஸ் வாங்காதீங்க ஐயா," என்றார் டாக்டர். விமானத்தின் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "எனக்கும் இதே பயம்தான். உங்களை விட மோசம். அதுக்குத்தான் வாரா வாரம் முன்னால உக்காந்தேன்."

டான்ட்டி மூட்டையைக் கீழே வைத்தாள். இடுப்பில் கையை ஊன்றினாள்.

"அடப் பாவி மனுஷா! இதை வாயைத் தொறந்து சொல்லக் கூடாதா? எங்களை மட்டும் வாயைத் தொற, வாயைத் தொறன்னு உயிரை எடுக்கறீங்க!"

கேப்டன் ஓர்மண்ட் இறக்கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டான்ட்டி அத்தோடு விடவில்லை. மூட்டையை அவிழ்த்து, நல்ல சங்குச் சதையாகப் பார்த்து ஒரு பிடி எடுத்துக் காகிதத்தில் சுற்றி டாக்டர் கையில் திணித்தாள். அவர் அதை அந்த வெள்ளைச் சட்டையோடு அணைத்துக்கொண்டே டாக்ஸி ஏறினார்.

அடுத்த வாரத்திலிருந்து பெஞ்சு புதிதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டது. முன் இருக்கை பழையபடி முதல் முறைக்காரருக்கு. அதற்கு நேர் பின் இருக்கை டாக்டருக்கு. அவர் தாமதமாக வந்தாலும் யாரும் அதில் உட்காரமாட்டார்கள். தெரியாமல் யாராவது வெளியூர்க்காரர் உட்கார்ந்துவிட்டால், "அது வைத்தியர் எடம், எழுந்திரும்மா" என்று நாலு குரல் வரும். டாக்டரும் தூணை விட்டுவிட்டு பெஞ்சுக்கு வந்தார். டான்ட்டிக்கும் மூட்டைக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து, அவள் பல்லைப் பற்றி அவள் சொல்கிற பொய்களையெல்லாம் கேட்டார். அட்டைக்காரர்களைக் கூப்பிடுவதை ஐயோனி நிறுத்திவிட்டாள். தலைமை அலுவலகத்தில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. கத்பர்ட் அதற்குப் பிறகு அடிக்கடி பறந்தார். ஒவ்வொரு முறையும் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து, "எனக்கு இதான் முதல் தடவை" என்பார். ஒவ்வொரு முறையும் அவரை முன்னால் அனுப்பிவைத்தார்கள்.

டாக்டர் சில வருஷங்கள் வந்தார். பிறகு கூயாவ் ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்தியைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு கிரனடாவிலேயே தங்கிவிட்டார். கல்யாணத்துக்கு பெஞ்சு மொத்தமும் போயிற்று. ஐயோனி மஞ்சள் உடை தைத்துக்கொண்டு போனாள், நன்றாக ஆடினாள், திரும்பி வரும்போது சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து வந்தாள். டான்ட்டி அன்று வழியெல்லாம் எந்தக் கிண்டலும் பண்ணாமல், அவள் முழங்கால் மேல் கையை மட்டும் வைத்திருந்தாள். ஐயோனி யாரிடமும் எதையும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிற்காலத்தில் நினைத்துப் பார்ப்பதுண்டு. அது அவளுக்குத் துக்கமாக இருந்ததில்லை. நல்ல மழைக்காலம் ஒன்றை நினைத்துக்கொள்கிற மாதிரிதான் இருந்தது.

இப்போது ஐயோனிக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. புரூக்ளினில் தங்கையோடு இருக்கிறாள். வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்குப் போக நியூயார்க் விமான நிலையத்தில் வரிசையில் நிற்கிறாள். ஒன்றாம் குழு, இரண்டாம் குழு என்று ஒலிபெருக்கி கூப்பிடுகிறது. தங்க அட்டை, வெள்ளி அட்டை. முன்னால் ஏறுவதற்கென்றே சக்கர நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்திருக்கிற தீவுக்காரர்களும் உண்டு. அவளைக் கண்டதும் கூச்சத்தோடு கையசைப்பார்கள், அவளும் சிரித்துக்கொண்டே கையசைப்பாள். அவள் எப்போதும் கடைசிக் குழு. அதில் அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. யார் எதற்காகப் போகிறார்கள் என்று முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கறுப்பு உடையில் ஒரு பெண் தனியாக நின்றால், இவளை பெஞ்சில் தலைமாட்டில் உட்காரவைத்திருப்போமே என்று தோன்றும்.

போன முறை விமானத்துக்கு ஏறுகிற வாசலில் டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தவள் சின்னப் பெண். குரல் கம்மிப் போயிருந்தது. யாரோ ஒரு பெரிய மனிதர் தன் குழு எண் தப்பு என்று அவளை ஐந்து நிமிஷம் திட்டிவிட்டுப் போயிருந்தார். ஐயோனி டிக்கெட்டை நீட்டினாள். அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அதை இயந்திரத்தில் வைத்தாள்.

"சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டாள் ஐயோனி.

அந்தப் பெண் நிமிர்ந்தாள். கேள்வி தன்னிடம்தானா என்று ஒரு கணம் சந்தேகப்பட்டாள்.

"இல்லை மேடம். இந்த விமானம் கிளம்பினப்புறம்தான்."

"அப்போ நாங்க சீக்கிரம் ஏறிடறோம்," என்று சொல்லிவிட்டு, பின்னால் நின்றவர்களையும் கையசைத்துக் கூப்பிட்டுக்கொண்டு ஐயோனி உள்ளே நடந்தாள்.